கனகாம்பரத்தைப் பிடித்த மோகினி

பதுளை பஜாரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றால் முன்பெல்லாம் கோயில் கூட்டம்தான். இப்போது குருக்கள் அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்று, எதிர்ப்பக்கம் போகிற ஜனங்களை வேடிக்கை பார்க்கிறார். ஜனங்கள் போவது கந்தப்பன் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்துக்கு. அங்கேதான் வாக்குச் சித்தர் தயாபரன் சுவாமிகள் எழுந்தருளியிருக்கிறார்.

ஹாலிஎல பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரே கேட்கிறார்: "சாமிகிட்டயா? அப்ப பஜார்லயே எறங்கிருங்க." வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றி வருகிற லொறிகளில் மூட்டைகளுக்கு நடுவே பக்தர்களும் வந்து இறங்குகிறார்கள். மூட்டையையாவது பிரித்துப் பார்த்து, கையால் நசுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சாமியை யாரும் அப்படிச் சோதித்ததில்லை.

சாமி வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு உங்கள் பிள்ளையின் மனதில் இருப்பதைச் சொல்வார். மற்ற சாமிகளைப் போல, வடக்கே ஒரு பயணம் உண்டு, வயிற்றில் ஒரு வலி உண்டு என்று வளவளக்கிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

"உம் மகனுக்கு விஞ்ஞானப் பாடம் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கம். அதான் போன கெழம வயித்துவலின்னு பொய் சொல்லிட்டுப் படுத்துட்டான். சரியா?"

தாய் திரும்பி மகனைப் பார்ப்பாள். மகன் முகம் வெளுக்கும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தாம்பாளம் நிறையும்.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் நாளே சாமியின் போனுக்குப் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் அனுப்பிவிட வேண்டும். கிரகங்களை வரிசைப்படுத்த நேரம் வேண்டுமல்லவா! இன்னொன்று, அந்தப் பிள்ளை கந்தப்பன் ஞாபகார்த்தக் கல்வி நிலையத்தில் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். வேறு வகுப்புப் பிள்ளைகள் மையில் தெரியமாட்டார்களாம். மூன்று காலமும் தெரிகிற ஞானக்கண்ணுக்குப் பக்கத்துத் தெரு டியூஷன் ஏன் தெரிவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வ குற்றம் ஆகிவிடும்.

இந்தக் கடைக்கும் மண்டபத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் உரியவர் பாலசுப்பிரமணியம். கந்தப்பனின் மூத்த மகன். பஜாரில் எல்லோருக்கும் முதலாளி. சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் அவர் கடைக்கு வந்ததை யாரும் கண்டதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததையும் கண்டதில்லை. "கந்தப்பன் கடைத் தராசு" என்றால் பதுளையில் மறுபேச்சுக் கிடையாது. அப்பா செத்த பிறகு அந்தப் பெயரை ஒரு பலகையில் எழுதிக் கடை மாடியில் மாட்டினார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் நடத்தும் இடம் அது.

தோட்டங்களிலிருந்து தினமும் பஸ் ஏறி வரப் பிள்ளைகளால் முடியாது. ஆகவே பாடத்தை இணையத்தில் ஏற்றினார்கள். பிள்ளைகள் தோட்டத்து லய வீட்டிலிருந்தே போனில் பாடம் கேட்கலாம், பயிற்சியை எழுதிப் படம் பிடித்து அனுப்பலாம். அந்தக் கற்றல் தளத்தில் 'ஆசிரியருக்கு மட்டும்' என்று ஒரு பெட்டியும் உண்டு. நாலு பேர் முன்னால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் அதில் எழுதலாம்.

அதன் திறப்பு விழாவை முதலாளி மறக்கவேமாட்டார். அன்றுதான் எல்லாம் நடந்தது.

கந்தப்பன் ஸ்டோர்ஸில் எந்தப் புதுக் காரியமும் கைராசிக்காரர் கையால்தான் தொடங்கும். அப்பா காலத்து வழக்கம். புது மூட்டை பிரித்தாலும் சரி, புதுத் தராசு வைத்தாலும் சரி, ராசியான கை முதலில் தொட வேண்டும். அந்த நாளில் பதுளையிலேயே ராசியான கை தயாபரன் சுவாமிகளுடையது என்று பேச்சு. அதற்கு முன்பு அந்தக் கை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. போன்களைப் பார்த்துப் பார்த்தே ஞானம் பெற்றவர் போலும்.

தளத்தை அமைத்துக் கொடுக்க துஷாந்த் என்ற தம்பியை வரவழைத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், பிள்ளைங்க அனுப்புற படம், எழுத்து எல்லாம் கிளவுட்லதான் சேமிக்கணும். யாருடைய கணக்குல இணைக்கட்டும்? ஒருத்தர் அவங்க கணக்குக்குள்ள போய், 'அனுமதிக்கிறேன்'னு தொடணும்."

முதலாளிக்குப் புரிந்தது கடைசிச் சொல் மட்டும். தொடணும். தொடுவதென்றால் ராசியான கை.

"சாமி, நீங்களே தொடுங்க."

சாமி தன்னுடைய போனை எடுத்து, தன்னுடைய கணக்குக்குள் போய், கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, தொட்டார். மேளம் முழங்கியது. துஷாந்துக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். அவனும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் சாமிக்கு ஞானக்கண் திறந்தது. முதலாளி பெருமைப்பட்டார். நம்முடைய மண்டபத்தில், நம்முடைய அப்பா பெயரின் நிழலில் ஒரு சித்தர்!

அந்தப் பெருமை தனுஜா வந்த நாளில் முடிந்தது.

தனுஜா ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பெண். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவள். அம்மா இராக்கம்மா கொழுந்து பறிக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை இராக்கம்மா மகளோடு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலாளி வழக்கம்போலத் தூணோரம் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ பேஞ்சா இந்தப் புள்ள தூங்காது" என்றார் சாமி. "லயத்துக்குப் பின்னாடி நெலம் வெடிச்சிருக்கு. அதையே பார்த்துக்கிட்டு நிக்கும். மீரியபெத்தயில மலை சரிஞ்சு லயத்தையே மூடுன மாதிரி ஆயிருமோன்னு பயம். சரியா?"

இராக்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கே மகள் சொல்லாத விஷயம்.

"அது சும்மா வெடிப்பு இல்ல. மண்ணுக்குள்ள ஒருத்தி இருக்கா. இந்தப் புள்ள புத்தகமும் கையுமா அவளத் தாண்டித் தாண்டிப் போகுது. கோவம் வந்துருச்சு. படிப்ப நிறுத்து. லயத்துக்காரங்க எல்லாரும் சேர்ந்து வெள்ளிக்கு வெள்ளி அந்த வெடிப்புல பாலும் தண்ணியும் ஊத்துங்க. ஆத்தா குளுந்துருவா."

மழையில் வெடித்த மலைச்சரிவுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்கிற ஞானம்! கூட்டம் "சாமி!" என்று உருகியது.

சபை கலைந்த பிறகு தனுஜா அம்மாவின் கையை உதறிவிட்டு நேராக முதலாளியிடம் வந்தாள்.

"ஐயா, அத நான் டீச்சருக்கு மட்டும்தான் எழுதினேன். அந்தப் பெட்டியில. வேற யாருக்கும் தெரியாது."

"சாமிக்கு ஞானத்துல தெரியுதும்மா."

"ஞானத்துலன்னா என் மனசுல இருக்கிறதெல்லாம் தெரியணும். எழுதினது மட்டும் எப்படித் தெரியும்? நான் 'நிலம் பிளந்திருக்கு'ன்னு எழுதிட்டு, அப்புறம் அழிச்சிட்டு 'வெடிச்சிருக்கு'ன்னு எழுதினேன். அவரும் 'வெடிச்சிருக்கு'ன்னுதான் சொல்றாரு. மீரியபெத்தயும் எழுதினேன், அதையும் சொல்றாரு. எங்கப்பா இருமுறது எனக்கு அதவிடப் பெரிய பயம். அத நான் எழுதல. அவருக்கும் அது தெரியல." அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பா பேர நம்பித்தான் ஐயா எழுதினேன். நீங்களே வித்துட்டீங்களா?"

"ஏய், வாயப் பொத்து!" என்று இராக்கம்மா மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலாளிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கந்தப்பன் பெயரை நம்பித் தந்ததை விற்றுவிட்டாயா என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. சின்னப் பெண் கேட்டுவிட்டுப் போகிறாள்.

நிலையத்தில் கணினிப் பாடம் எடுப்பவள் அவருடைய மருமகள் சுதர்சினி. திறப்பு விழா நடந்தபோது அவள் பிரசவத்துக்காகக் கண்டியில் தாய்வீட்டில் இருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்து வகுப்பெடுக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளிடம் போய், பெண் சொன்னதைச் சொன்னார்.

சுதர்சினி மடிக்கணினியைத் திறந்து எங்கேயோ தட்டினாள். பிறகு திரையை மாமனார் பக்கம் திருப்பினாள்.

"மாமா, இத யார்னு தெரியுதா?"

'சேமிப்பிடம் இணைக்கப்பட்டுள்ள கணக்கு' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வட்டம். வட்டத்துக்குள் நெற்றி நிறைய விபூதியோடு தயாபரன் சுவாமிகள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னம்மா?"

"நம்ம கடைக்கு ஸ்டோர் இருக்கில்ல? கடையில எடம் பத்தாதுன்னா சாமான ஸ்டோர்ல போடுவோம். இந்தத் தளத்துக்கும் அப்படி ஒரு ஸ்டோர் வேணும். அதுதான் கிளவுட். யாரு கணக்குல இணைக்கிறோமோ அவங்கதான் ஸ்டோருக்குச் சொந்தக்காரர். நீங்க கடைய உங்க பேர்ல வச்சுக்கிட்டு ஸ்டோர அவர் பேர்ல எழுதிக் குடுத்திருக்கீங்க. பிள்ளைங்க எழுதுறது எல்லாம் நேரா அவர் போனுக்குத்தான் போகுது."

முதலாளி அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

"சாவி வச்சிருக்கிறவன் எல்லாம் திருடன் இல்லம்மா. அவர் தெறந்து பார்த்தாருன்னு எப்படிச் சொல்வ? ஒருத்தர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி நிரூபிக்கணும். இது எங்கப்பா கடை."

"நிரூபிச்சிருவோம் மாமா. ஒரு பொய்யான புள்ளைய உருவாக்கி, பொய்யா ஒரு கதை எழுதி அந்த ஸ்டோருக்குள்ள போடுறேன். வேற எங்கயும் அது இருக்காது. அவர் அந்தப் பொய்ய மையில பார்த்தார்னா..."

"பொய்யா? அப்பா பேர் போட்ட எடத்துலயா?" முதலாளியின் மீசை துடித்தது. "ஒரு எழுத்துப் பொய் எழுதக்கூடாது."

"திருடனப் பிடிக்கத்தானே மாமா!"

"யாரப் பிடிக்கவா இருந்தாலும் சரி."

சுதர்சினி தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போது சீனி மூட்டையின் மேலிருந்து ஒரு சோம்பல் முறிப்பு எழுந்தது. செம்மஞ்சள் நிறம், நீளமான வால். கனகாம்பரம். கடைப் பூனை. எலிகளின் எமன். வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு லொறியில் குட்டியாக வந்து இறங்கியது. அந்த நிறத்தைப் பார்த்து முதலாளியே வைத்த பெயர்.

சுதர்சினி பூனையைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, கனகாம்பரத்த நம்ம நிலையத்துல சேர்த்துக்கலாமா? உண்மையான பேரு. உண்மையான கதை."

முதலாளி யோசித்தார். பூனையைச் சேர்க்கக்கூடாது என்று நிலையத்தின் விதியில் இல்லை.

அன்று மதியம் வேலை நடந்தது. முதல் காரியமாக சுதர்சினி நிலையத்தின் பெயரிலேயே ஒரு புதுக் கணக்கைத் திறந்தாள். பிள்ளைகள் இனி எழுதுவதெல்லாம் அங்கே போகும்படி மாற்றினாள். தளத்துக்குக் கொடுத்த அனுமதியையும் சுருக்கினாள். ஒரே ஓர் அறைக்குள் சாமான் வைக்கலாம், எடுக்கலாம். அடுத்த அறையை எட்டிப் பார்க்க முடியாது. கணக்குக்குள் நுழைய இரண்டு பூட்டு. கடவுச்சொல் அவளிடம், அதன் பின் வருகிற இலக்கம் மாமனாரின் போனில். சாமியின் கணக்குக்குப் போகிற பழைய வழியில் ஒரே ஒரு வகுப்பை மட்டும் விட்டுவைத்தாள். விசேட வகுப்பு. அதில் ஒரே ஒரு மாணவி.

பிறகு மாணவியின் மனக்குறையை எழுத உட்கார்ந்தாள். முதலாளி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் எடை போட்டார்.

"'என் அம்மா என்னைக் கைவிட்டுப் போய்விட்டாள்.' சரியா மாமா?"

"நீ பார்த்தியா?"

"லொறிக்காரர் சொன்னாரே."

"அப்ப 'போய்விட்டதாகச் சொல்கிறார்கள்'னு போடு."

"'கூடப் பிறந்தவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது.'"

"அது சரி."

"'இரவில் தூங்காமல் கூரைமேல் ஏறி நடக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கல்லால் அடிக்கிறார்.'"

"அடிக்கிறான், படுபாவி. அத நல்லா அழுத்தி எழுது."

"'சில நாள் என்னை அறியாமல் அலறுகிறேன்.'"

"அலறல் இல்ல, கத்தல். கூட்டி எழுதாத." கொஞ்சம் தயங்கினார். "ஆனா பூனை எப்படிம்மா எழுதும்?"

"அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போடுறவங்க எல்லாரும் சொந்தக் கையாலயா எழுதுறாங்க? சொல்ல முடியாதவங்களுக்காக எழுதத் தெரிஞ்சவங்க எழுதுறோம்."

அதற்கு முதலாளி ஒத்துக்கொண்டார். கடைசி வரியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'எனக்குக் கணக்குப் பாடம் தெரியாது.' அதுவும் உண்மைதானே.

வியாழக்கிழமை சாமியின் போனுக்குத் தன் கையாலேயே செய்தி அனுப்பினார். பெயர் கனகாம்பரம். விசேட வகுப்பு. என் பொறுப்பில் வளர்வது. உடனே சாமியிடமிருந்து ஆசீர்வாதம் வந்தது. முதலாளி வீட்டு விஷயம் என்றால் தாம்பாளம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று சாமி அளந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் பிதுங்கியது. முதலாளியே குறி கேட்கிறார் என்ற செய்தி தோட்டத்துப் பெரட்டுக் களம் வரைக்கும் போய்விட்டது. பேர் கூப்பிடுகிற காலை நேரத்திலேயே கங்காணி அரைநாள் விடுப்புக் கேட்டாராம். இராக்கம்மாவும் மகளோடு முன்வரிசையில் இருந்தாள். அவள் கையில் ஒரு செம்பு பால். சாமி தொட்டுக் கொடுத்தால் மாலையில் வெடிப்பில் ஊற்ற வேண்டும்.

முதலாளி வந்து சாமிக்கு எதிரே நேராக உட்கார்ந்தார். மேல் பொத்தான் போட்டிருந்தது.

சாமி வெற்றிலையை நீவி, மை தடவி, கண்ணைச் சுருக்கினார்.

"கனகாம்பரம்... கனகாம்பரம்... தெரியுறா. பாவம் முதலாளி, இந்தப் புள்ளைக்குத் தாய் இல்ல. விட்டுட்டுப் போயிட்டா."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"கூடப் பொறந்ததுங்க ஆளுக்கொரு தெசையில. இவளுக்கு ராத்திரி தூக்கம் கெடையாது. எங்க போறா தெரியுமா? கூரை! கூரைமேல நடக்குறா! ஒருத்தன் கல்லெடுத்து அடிக்கிறான்."

"அடிக்கிறான் சாமி" என்றார் முதலாளி.

"தன்ன அறியாம கத்துறா. படிப்புல கணக்கு ஏறல. இதெல்லாம் என்ன? மோகினி! மோகினி பிடிச்சிருக்கு!"

"ஐயோ" என்றது கூட்டம். ஒரு கிழவி பெண்பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முதலாளி அசையவில்லை. "பார்க்க எப்படி இருப்பா சாமி?"

இது எழுத்தில் இல்லாத கேள்வி. சாமி மையை இன்னொரு தடவை நீவினார். முதலாளி வீட்டில் வளர்கிற பெண் எப்படி இருப்பாள்? ஊகிக்க முடியாதா என்ன!

"நல்ல செவந்த மேனி. கூந்தல் இடுப்புக்குக் கீழ. வலது கையில ஒரு மச்சம்."

"கல்யாணம்?"

"வர்ற தை தாண்டாது. மாப்பிள்ளை கொழும்புல உத்தியோகம். ஆனா அதுக்கு முன்னாடி மோகினிய எறக்கணும். பெரிய பரிகாரம்."

"எல்லாம் சரி சாமி. பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேன். நேர்லயே பார்த்து ஆசீர்வாதம் பண்ணுங்க."

சுதர்சினி மூடியிட்ட கூடையைக் கொண்டுவந்து சாமியின் முன்னால் வைத்தாள். முதலாளி மூடியைத் திறந்தார். சிவந்த மேனி எழுந்து முதுகை வளைத்தது. சாமியை ஏறிட்டுப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

மண்டபம் எழுந்து எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாப்பிள்ளை கொழும்புல எந்த மீன் கடையில வேலை சாமி?"

சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஆனால் சாமி லேசுப்பட்டவரா? வியர்த்த விபூதியைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சிரிக்காதீங்க! போன சென்மத்துல இவ மனுசி! நான் பார்த்தது போன சென்மத்த!"

முன்வரிசையில் இரண்டு பேர் சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள், பூனையை. சாமி பிழைத்திருப்பார். நம் ஜனங்கள் அவ்வளவு இரக்கமுள்ளவர்கள்.

சுதர்சினி சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தாள். அதில் சாமியின் வட்டப் படம் பெரிதாக விழுந்தது. கனகாம்பரத்தின் மனக்குறையும் வரி பிசகாமல் பக்கத்தில் விழுந்தது.

"இது பூனை எழுதினதா நாங்க போட்டது. ஒரே ஒரு எடத்துலதான் இருந்துச்சு. சாமியோட கணக்குக்குள்ள. நம்ம பிள்ளைங்க எழுதினதும் இத்தன நாளா அங்கதான் போச்சு. எப்படிப் போச்சுன்னு அந்தப் படத்தப் பாருங்க. இப்ப அந்தக் கடைசி வழியையும் மூடுறேன்." அவள் ஒரு விசையைத் தட்டினாள். சாமியின் படம் மறைந்தது. "இனி நீங்க சொல்லுங்க சாமி. தனுஜா, போன்ல டீச்சருக்கு ஒரு வரி எழுதும்மா."

தனுஜா எழுந்தாள். அம்மா இழுத்த கையை விடுவித்துக்கொண்டு போனில் எழுதினாள். அனுப்பினாள்.

"நான் இப்ப என்ன எழுதினேன் சாமி?"

சாமி வெற்றிலையைப் பார்த்தார். வெற்றிலை வெற்றிலையாகத்தான் இருந்தது.

"மை காஞ்சிருச்சு."

"புது மை இருக்கு சாமி" என்றார் முதலாளி. "நம்ம கடையிலயே வாங்கினது."

"இன்னைக்கு ராகு..."

"போன வெள்ளிக்கும் இதே நேரம்தான் சாமி என் மனசுக்குள்ள பார்த்தீங்க" என்றாள் தனுஜா.

சாமியின் கண் கதவைத் தேடியது. கதவோரம் கங்காணி நின்றார். அவரும் தன் மகனின் ரகசியத்தை இதே மண்டபத்தில் காசு கொடுத்துக் கேட்டவர். அவர் நகரவில்லை.

தனுஜா தான் எழுதியதைத் தானே உரக்க வாசித்தாள்: "'அந்த வெடிப்புக்குள்ள இனிமே பால் ஊத்தாதீங்க. மண் சரிவு பார்க்கிற அதிகாரிங்களக் கூப்பிடுங்க.'"

இராக்கம்மா செம்பின் வாயைக் கையால் மூடினாள்.

முதலாளி எழுந்தார். அந்த ஊர் முன்னால் ஒரு கந்தப்பன் மகன் தலைகுனிந்து நின்றதில்லை. அன்றும் அவர் தலை குனியவில்லை. நிமிர்ந்து நின்றே சொன்னார்.

"ஸ்டோரோட சாவிய இந்த ஆள் கையில குடுத்தது நான். ராசியான கைன்னு நெனச்சேன். யாரோட கைன்னு கேக்கல. உங்க பிள்ளைங்க என் அப்பா பேர நம்பி எழுதினத இவன் உங்களுக்கே வித்தான். எடம் குடுத்தது என் மண்டபம். இது என் குடும்பத்து மேல விழுந்த கறை, நானே கழுவணும். இன்னைக்கே பொலிஸுக்குப் போறேன். வாதி நான். இவன் போன்ல இருக்கிறத அவங்க முன்னாடி அழிக்க வைக்கிறேன். ஏற்கனவே நகல் எடுத்து வேற எங்கயாவது வச்சிருந்தா அது என் கைக்கு எட்டாது. அதையும் மறைக்காமச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பலகைய எறக்கணும்னு நீங்க சொன்னா, எறக்கிர்றேன்."

தனுஜாதான் முதலில் பேசினாள்.

"பலகை இருக்கட்டும் ஐயா. நாளைக்கு எனக்குக் கணக்கு வகுப்பு இருக்கு."

சாமி பொலிஸ் ஜீப்பில் ஏறும்போதும் சிலர் கும்பிட்டார்கள் என்று கேள்வி. ஏறும்போது, தன்னைத் தொட்டவர்கள் குடும்பம் விளங்காது என்று அவர் சபித்தாராம். தொட்ட கான்ஸ்டபிள் அடுத்த மாதம் பதவி உயர்வு பெற்றார்.

முதலாளி அன்று மாலையே பிரதேச செயலகத்துக்குப் போய் நின்றார். அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்பைப் பார்த்தார்கள். அதற்குள் ஊற்றியிருந்த பாலின் புளித்த வாடை மூக்கில் ஏற, "யார் இந்த அறிவாளி?" என்று கேட்டார்கள். லயத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர் இறங்காதபடி வெடிப்பை மூடி, குடும்பங்களைத் தோட்டத்துப் பாடசாலைக்கு மாற்றினார்கள். அடுத்த பெருமழையில் அந்த லயத்தின் பின்பக்க அடுப்படிகள் மண்ணோடு போயின. அடுப்படிகள் மட்டும்தான். உள்ளே யாரும் இல்லை. மண்ணுக்குள் இருந்தாளாம் ஒருத்தி, அவளையும் காணவில்லை.

சாமி பிடிபட்ட வெள்ளிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இராக்கம்மா அந்தச் செம்புப் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் கறந்து, பஸ்ஸில் குலுங்கி, சாமி தொட்டு ஆசீர்வதிப்பதற்காக மண்டபத்துப் புழுக்கத்தில் காத்திருந்த பால். கனகாம்பரம் வந்தது. கழுத்தை நீட்டியது. முகர்ந்து பார்த்தது. கெட்டுப்போன பால். முகத்தைத் திருப்பிக்கொண்டு சீனி மூட்டைக்குப் போய்விட்டது.

கணக்குத் தெரியாத பூனை. அதுவும் எதையும் வாயில் வைப்பதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறது. நமக்கும் மூக்கு இருக்கிறது. அதற்கு மேலே, விபூதி பூசுவதற்கு மட்டுமே நாம் பயன்படுத்துகிற நெற்றிக்குப் பின்னால், இன்னொன்றும் இருக்கிறது.